பாங்காக் அரண்மனை மூடலைங்க: சனி, ஞாயிறு லீவுல தனியா போறவங்க கவனத்துக்கு

சனி, ஞாயிறு லீவுல பாங்காக் போயிட்டு வந்துடலாம்னு டிக்கெட் போட்டு வெச்சிருக்கவங்க, முக்கியமா தனியா போறவங்க, இதைப் படிச்சுட்டுக் கிளம்புங்க. எனக்கு அங்க போனது ரெண்டு பிளேசருக்குக் கொடுத்த 8,500 பாட். நம்ம காசுக்கு 23,000 பக்கம் வரணும், கார்டுல அதுக்கும் மேல போச்சு. அது ஏன்னு பின்னாடி சொல்றேன். ஆபீஸ்ல சொன்னா, "டுக் டுக் காரன் ஏமாத்திட்டானா?"ன்னு சிரிக்கறாங்க. (டுக் டுக்னா அந்த ஊர் ஆட்டோ.) அவர் ஒருத்தர் வேலை இல்லைங்க இது. ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மாதிரி வேற வேற இடத்துல நின்ன நாலு பேர் வேலை.

முதல்ல அந்த இடத்தோட அமைப்பைச் சொல்லிடறேன். அரண்மனை மூடியிருக்குங்கற பொய்யே அதை நம்பித்தான் நிக்குது. கிராண்ட் பேலஸைச் சுத்தி இருக்கற மதில் மொத்தம் 1,900 மீட்டர். கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர். நாம டிக்கெட் வாங்கி உள்ள போற வாசல் வடக்குப் பக்கம், நா ஃபிரா லான் ரோட்டுல இருக்கு. ஆனா மெட்ரோவுல வர்றவங்க இறங்கறது சனாம் சாய் ஸ்டேஷன்ல. அது தெற்குப் பக்கம், வாட் போ கோயிலையும் தாண்டி. அங்கேர்ந்து மதில் ஓரமா நடந்தா வெள்ளைச் சுவர், பூட்டின கதவு, காவலுக்கு ஒரு ஆள், மறுபடி சுவர், மறுபடி பூட்டின கதவு. அந்தக் கதவுங்க எதுவும் நமக்குத் திறக்கற கதவு கிடையாது. அது தெரியாத ஆளுக்கு அரண்மனையே மூடிக் கிடக்கற மாதிரிதான் தெரியும். சரியா அந்த ஓரத்துலதான் அந்த ஆள் நிக்கறார்.

அயர்ன் பண்ணின சட்டை, கழுத்துல ஒரு அடையாள அட்டை, கையில ஒண்ணும் விக்கறதுக்கு இல்ல. "பேலஸ் தானே? காலையில பிக்குகள் பூஜை நடக்குது, வெளிநாட்டுக்காரங்களை ஒரு மணிக்கு மேலதான் விடுவாங்க"ன்னு ரொம்பத் தன்மையா சொன்னார். எந்த ஊர், முதல் தடவையா வர்றீங்களா, ஊருக்கு எப்போ திரும்பறீங்க? ஞாயித்துக்கிழமை ராத்திரி ஃப்ளைட்னு சொன்னேன். "அடடா, ரொம்பக் கம்மி நேரமாச்சே"ன்னு வருத்தப்பட்டு, என் கையில இருந்த மேப்புலயே பேனாவால மூணு வட்டம் போட்டுக் கொடுத்தார். இன்னிக்கு அரசாங்கச் சலுகையாம், டுக் டுக் நாள் முழுக்க 20 பாட்தானாம். அவர் கை காட்டறதுக்கும் ஒரு டுக் டுக் வந்து நிக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. அப்படி ஒரு சலுகையே கிடையாது. பாங்காக்ல 20 பாட்டுக்கு டுக் டுக் தெரு முனை வரைக்கும்கூட வராது.

முதல் வட்டம் 32 மீட்டர் உயர நின்ற புத்தர் இருக்கற வாட் இந்தரவிஹான். நல்ல கோயில், அதைப் பத்தி ஒரு குறையும் இல்ல. அங்க நிழல்ல ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். வெளியூர்ல வாத்தியாரா இருக்கறதாவும், லீவுக்கு வந்ததாவும் சொன்னார். பேச்சுக்கு நடுவுல, அண்ணன் கல்யாணத்துக்கு சூட் தைக்கக் கொடுத்திருக்கேன், ஏற்றுமதிக் கடை, வரி இல்லாத விலைக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள்னு ஒரு வார்த்தை விட்டார். போங்கன்னு சொல்லலை. மேப்புல அந்த ஆள் போட்டுக் கொடுத்த வட்டத்துல ஒண்ணும் இதே கடைதான். சம்பந்தமில்லாத ரெண்டு பேர் ஒரே கடையைச் சொன்னா யாருக்கும் ஒரு நம்பிக்கை வரத்தான் செய்யும். அதுக்காகத்தான் அவரை அங்க உட்கார வெச்சிருக்காங்க. போற போக்குல, "எப்போ ஃப்ளைட்?"னு இவரும் கேட்டார்.

டுக் டுக் டிரைவர் மேல எனக்குக் கோபம் கம்மிதான். அவர் ஒருத்தர்தான் உள்ளதைச் சொன்னார். "கடைக்குள்ள கொஞ்ச நேரம் இருந்துட்டு வாங்க, எனக்கு பெட்ரோல் கூப்பன் தருவாங்க"ன்னு பச்சையாவே சொல்லிட்டார்.

கடை நல்ல ஏசி கடை. காபி வந்துச்சு. சுவர் முழுக்க வெளிநாட்டுக்காரங்க சூட் போட்டு நிக்கற போட்டோ. "இத்தாலியன் உல்லன், நூத்துக்கு நூறு"ன்னு ஒரு தானை விரிச்சு என் கையில கொடுத்தாங்க. உண்மையிலேயே நல்ல துணி. அளவு எடுத்தவர் அளவை நோட்டுல எழுதறதுக்கு முன்னாடி எழுதினது என் ஃப்ளைட் நேரம். "கவலையே படாதீங்க, ஞாயிறு சாயங்காலம் ஹோட்டலுக்கே வந்துடும்." ட்ரையல் எப்போன்னு கேட்டதுக்கு, கம்ப்யூட்டர் கட்டிங், ட்ரையல் தேவையில்லைன்னார்.

அந்த வரி விஷயத்தையும் சொல்லிடறேன். தாய்லாந்துல வாட் வரி (நம்ம ஜிஎஸ்டி மாதிரி) 7 சதவீதம். சுற்றுலா வந்தவங்க, அந்தத் திட்டத்துல இருக்கற கடையில ஒரே நாள்ல 2,000 பாட்டுக்கு மேல வாங்கினா, கடையில ஃபாரம் வாங்கிக்கிட்டு ஏர்போர்ட்ல ரீஃபண்ட் கேக்கலாம். வருஷம் பூரா இருக்கற வசதி அது. "இன்னிக்குத்தான் கடைசி நாள்"னு எவனாவது சொன்னா அங்கேயே எழுந்து வந்துடுங்க. இந்தக் கடையில அந்த ஃபாரமே கிடையாது.

அடுத்தது கார்டு மெஷின். ஸ்வைப் பண்ணும்போது பாட்ல கட்டறீங்களா, ரூபாய்லயான்னு மெஷின் நம்மகிட்டதான் கேக்கும். அவர் மெஷினைத் தன் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டு ரூபாயை அமுக்கிட்டார். ரூபாய்ல போனா மாற்று விகிதத்தை அவங்க பக்கம் நிர்ணயிப்பாங்க, அதுல அவங்க லாபமும் சேர்ந்திருக்கும். எனக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு மேல கூடுதலா போச்சு. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டுக் காசுலயே கட்டுங்க, மெஷினை உங்க கையில வாங்கி நீங்களே அமுக்குங்க.

அங்கேர்ந்து கிளம்பினா, பத்தே நிமிஷம்னு ஒரு நகைக்கடை, அது முடிஞ்சு இன்னொரு கூப்பன் கடை. எல்லாம் சுத்தி அரண்மனைக்கு வந்து சேரும்போது டிக்கெட் கவுண்டர் மூடியாச்சு. மூணரை மணிக்கு மூடிடுவாங்க. காலையில பூஜை முடிஞ்சு எப்போ திறந்தீங்கன்னு வாசல்ல இருந்த காவலர்கிட்ட கேட்டேன். எட்டரையிலேர்ந்து திறந்துதான் இருக்குன்னார். என்னை மாதிரி தினமும் எத்தனை பேர் கேப்பாங்களோ, முகத்துல ஒரு ஆச்சரியமும் இல்ல.

அங்கேயே நின்னு கடைக்கு போன் போட்டு ஆர்டரை ரத்து பண்ணச் சொன்னேன். துணி வெட்டியாச்சுன்னாங்க. காசு கட்டி மூணு மணி நேரம்கூட ஆகலை.

ஞாயித்துக்கிழமை காலையில வடக்கு வாசல் வழியா 500 பாட் கொடுத்து உள்ள போய் நிதானமா பார்த்துட்டு வந்தேன். அதையும் சொல்லணும் இல்லையா, இடம் அப்படி ஒரு இடம். சாயங்காலம் ஆறு மணிக்கு வர்றதா சொன்ன பார்சல் ஏழே காலுக்கு வந்துச்சு. கொண்டு வந்த பையன் கையெழுத்து வாங்கிட்டு ஓடியே போயிட்டான். லாபியிலயே பிரிச்சுப் போட்டுப் பார்த்தேன். ஷோல்டர் ரெண்டும் ரெண்டு அளவு. ஆம்ஹோல் இறுக்கி கை தூக்க முடியலை. காஜாவுல நூல் பிசிறு பிசிறா தொங்குது. கடையில விரிச்சுக் காட்டின துணி கைக்கு மெத்துன்னு இருந்துச்சு, இது பளபளன்னு வழுக்குது.

கடைக்குப் போட்டா போன் எடுக்கலை. 1155க்குக் கூப்பிட்டேன், அது டூரிஸ்ட் போலீஸ் நம்பர், இங்கிலீஷ்ல பேசலாம். எடுத்தவர் பொறுமையா கேட்டார். பில்லோட ஸ்டேஷனுக்கு வந்து புகார் எழுதிக் கொடுங்க, நாளைக்குக் கடை திறந்ததும் கூப்பிட்டுப் பேசறோம், நீங்களும் இருக்கணும்னார். நாளைக்கு நான் எங்க இருப்பேன்? பத்தரைக்கு ஃப்ளைட், பாயா தாய் ஸ்டேஷன்ல ஏர்போர்ட் ரயிலைப் பிடிக்கணும். அப்போதான் எல்லாரும் ஏன் அந்த ஒரே கேள்வியைக் கேட்டாங்கன்னு விளங்குச்சு. ஒரு வாரம் தங்கற ஆள்னா ட்ரையல் கேப்பான், திருப்பிக் கொண்டு வருவான், போலீஸோட வந்து நிப்பான். ஞாயிறு ராத்திரி ஃப்ளைட் ஏறற ஆள் தொந்தரவே பண்ண முடியாத வாடிக்கையாளர். அதனால ஊருக்கு எப்போ திரும்பறீங்கன்னு ரோட்டுல யார் கேட்டாலும், அடுத்த வாரம்னு வாய் கூசாம சொல்லுங்க.

ஊருக்கு வந்ததும் எங்க தெரு டெய்லர் அண்ணன்கிட்ட சரி பண்ண முடியுமான்னு கொண்டு போனேன். உள் தையல்ல ஒரு நூலை உருவி, தீக்குச்சி கிழிச்சு முனையில காட்டினார். சுருண்டு உருகி, கடுகு மாதிரி கறுப்பா ஒரு மணி உருண்டு நின்னுச்சு. "உல்லனா இருந்தா முடி பொசுங்கற வாடை வரும்மா, தொட்டா சாம்பலா உதிரும். இது அசல் பாலியஸ்டர்." முன்பக்கத்தைத் தேய்ச்சுப் பார்த்துட்டு, உள்ள தைக்காம பசையில ஒட்டற கேன்வாஸ்தான் போட்டிருக்கான், ரெண்டு தடவை ட்ரை வாஷ் போனா குமிழ் விட்டுடும்னார். ஆம்ஹோலைப் பிரிக்கலாம்னா உள்ள விட்டிருக்கற துணி அரை இஞ்ச்கூட இல்லையாம்.

பாங்காக்ல நல்ல டெய்லருங்களே இல்லைன்னு நான் சொல்ல வரலை. உருப்படியா தைக்கறவங்க ரெண்டு மூணு ட்ரையல் இல்லாம கொடுக்க மாட்டாங்க, அதுக்கு நாள் பிடிக்கும். ரெண்டு நாள் லீவுல அது நடக்காது. அங்க சுத்திப் பார்க்கவும் டுக் டுக் தேவையில்லை. சாவ் ஃபிராயா ஆத்துல ஓடற ஆரஞ்சுக் கொடி படகுல எங்க இறங்கினாலும் 16 பாட். அரண்மனைகிட்ட யாராவது மூடியிருக்குன்னு சொன்னா வாக்குவாதம் பண்ணாம நா ஃபிரா லான் ரோடு வரைக்கும் நடந்துடுங்க. அரச குடும்ப நிகழ்ச்சிகளுக்காக நிஜமாவே மூடற நாளும் உண்டு, அதை அரண்மனையோட இணையதளத்துல போட்டுடுவாங்க, வாசல்லயும் சொல்லுவாங்க. சுவர் ஓரமா நிக்கறவர் சொல்லி நமக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்ல.

பேங்க்ல, சொன்ன பொருள் வேற, வந்த பொருள் வேறன்னு தகராறு பதிவு பண்ணியிருக்கேன். பில்லுல துணி என்னன்னு எழுதியிருக்கான்னு கேட்டாங்க. "ஜாக்கெட் 2"ன்னு மட்டும்தான் இருக்கு. உல்லன்னு ஒரு வார்த்தை அதுல இருந்திருந்தா என் கேஸே வேற. இன்னொரு கூத்து, கடை போர்டுல ஒரு பேர், பில்லுல ஒரு பேர், ஸ்டேட்மென்ட்ல மூணாவதா ஒரு பேர். பொருளைத் திருப்பித் தர முயற்சி பண்ணினதுக்கு ஆதாரமும் கேட்டிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி போட்ட எடுக்காத கால் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, டெய்லர் அண்ணன் பிரிச்சுக் காட்டின போட்டோவோட அனுப்பியிருக்கேன். பதில் வந்தா இங்கயே கீழ சேர்க்கறேன்.