பெங்களூரு ஆபீசா, பாக் விரிகுடாக் கரையா? ஒரு கம்யூனிகேஷன்ஸ் வேலை, இரண்டு அழைப்புகள்

பத்திரிகை டெஸ்க்கில் சில வருடம் இருந்துவிட்டு சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நானும் அப்படித்தான். கடைசியில் என் கையில் இரண்டு அழைப்புகள் மிஞ்சின. ஒன்று, பெங்களூரில் தலைமை அலுவலகம் வைத்துப் பல மாநிலங்களில் வேலை செய்கிற பெரிய என்ஜிஓ. மற்றது, பாக் விரிகுடாக் கரையில் மல்லிப்பட்டினத்துக்கும் மணமேல்குடிக்கும் இடைப்பட்ட கரையோர ஊர்களில் மீனவர்களோடு வேலை செய்கிற சின்ன டிரஸ்ட். நான் சேர்ந்தது டிரஸ்ட்டில். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடலாம். சம்பளம் பெரிய இடத்தில்தான் கூடுதல். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் உண்டு, சனிக்கிழமை லீவு, அடுத்த வேலைக்குப் போகும்போது பெயர் கைகொடுக்கும். சின்ன இடத்தில் போஸ்டர் வடிவமைப்பதும் நீங்கள்தான், கூட்டத்துக்கு நாற்காலி வாடகைக்குச் சொல்வதும் நீங்கள்தான்.

தேர்வு நடத்திய விதத்திலேயே இரண்டின் குணமும் தெரிந்துவிட்டது. பெரிய இடத்தில் ஆன்லைன் படிவம், கவர் லெட்டர், பிறகு ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வு: நீளமான ஆய்வறிக்கை ஒன்றைக் கொடுத்து, டோனருக்கு ஒரு பக்கச் சுருக்கமும் லிங்க்ட்இன்னுக்கு ஒரு பதிவும் கேட்டார்கள். நல்ல தேர்வுதான், குறை சொல்ல எதுவும் இல்லை. டிரஸ்ட்டில், நான் எழுதியதில் மூன்றை அனுப்பச் சொன்னார்கள், பிறகு நேரில் வரச் சொன்னார்கள். அங்கே வைத்த பரீட்சை இது: ஆவுளியா வலையில் சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு நிமிட வாட்ஸ்அப் குரல் பதிவாகச் சொல்ல வேண்டும்.

அந்தக் கடற்கரைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆவுளியா என்பது கடற்பசு. கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், வலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால் சில நிமிடங்களில் செத்துப்போகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இதற்காகவே 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாட்டில் இதுதான் முதலாவது.

நான் சட்டம், அரிய உயிரினம், கடற்புல் என்று வரிசையாகப் பேசிப் பதிவு செய்து கொடுத்தேன். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “எல்லாம் சரி தம்பி, வலையை அறுத்துத்தான் விடணும். அறுத்த வலைக்கு யாரைப் போய்க் கேக்கணும்னு முதல்ல சொல்லுங்க” என்றார். இரண்டாவது பதிவை அங்கிருந்தே தொடங்கினேன். பெங்களூரில் என் எழுத்தைத் திருத்துகிறவர் என்னைவிட நல்ல ஆங்கிலம் தெரிந்தவராக இருந்திருப்பார். இங்கே திருத்துகிறவர், செய்தி யாருக்காகவோ அவரே. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

ஆனால் பிடித்திருந்தது என்பதற்காக மட்டும் யாரும் குறைந்த சம்பளத்துக்குப் போக மாட்டார்கள், நானும் அதற்காக மட்டும் போகவில்லை. முடிவு செய்தது வேறொரு கேள்வி: என் சம்பளம் எந்தத் தலைப்பில் எழுதப்படும், அந்தப் பணம் எப்போது தீரும்? விண்ணப்பிக்கிறவர்கள் எவ்வளவு என்று கேட்கிறார்கள், எங்கிருந்து என்று கேட்பதில்லை.

ஒரு என்ஜிஓவுக்குப் பணம் வருகிற வழிகள் சில. வெளிநாட்டு நிதி, கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி), உள்நாட்டுத் தனிநபர் நன்கொடை, அரசுத் திட்டங்கள். வெளிநாட்டு நிதிக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், அதை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2020 திருத்தத்தில் மூன்று விஷயம் மாறியது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. ஒரு அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றித் தருவது தடைசெய்யப்பட்டது. பணம் வந்து இறங்கும் கணக்கு டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே கிளையில்தான் என்று ஆனது.

இதில் நமக்கு வலிப்பது முதலாவது. கடற்புல்லை அளக்கிறவர் சம்பளத்தைக் களச்செலவு என்று காட்டலாம். அறிக்கை எழுதுகிறவர், வெப்சைட் பார்க்கிறவர், பத்திரிகைக்காரர்களோடு பேசுகிறவர் எங்கே போவார்? ஆடிட்டர் எளிதாக நிர்வாகம் என்ற பெட்டியில் போட்டுவிடுவார். அந்தப் பெட்டி சுருங்கிவிட்டது. கை இறுகும் வருடத்தில் படகு டீசலை நிறுத்த முடியாது, கம்யூனிகேஷன்ஸ் பதவியை நிறுத்தலாம். பதிவே போகிற அபாயமும் வெறும் கற்பனை அல்ல, கிரீன்பீஸ் இந்தியாவின் பதிவு 2015-இல் ரத்தானது ஊரறிந்த செய்தி.

பெங்களூரு பதவி இந்தச் சிக்கலைச் சுற்றிப் போயிருந்தது, அது சிஎஸ்ஆர் பணத்தில் வந்த பதவி. 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும், சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் பல ஆண்டுத் திட்டம் என்றாலும் விதி தரும் காலம், தொடங்கிய ஆண்டை விட்டுவிட்டு மூன்று நிதியாண்டுதான். என்னைக் கூப்பிட்டபோது அந்தத் திட்டம் ஏற்கெனவே பாதி ஓடியிருந்தது. எச்ஆர் மேடம், “ரினியூ ஆகிடும் சார், ஆகாம இருந்ததே இல்லை” என்றார். எழுத்தில் கிடைக்குமா என்று கேட்டேன். பேச்சு இன்ஷூரன்ஸ் பக்கம் திரும்பியது. பதவியின் பெயரில் மேனேஜர் என்று இருந்தது, ஒப்பந்தத்தில் கன்சல்டன்ட் என்று இருந்தது. அப்படியென்றால் மாதாமாதம் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், பிஎஃப் கிடையாது.

டிரஸ்ட்டில் கணக்கைக் கேட்டதும் ஆடிட் அறிக்கையைக் கையில் கொடுத்தார்கள். வெளிநாட்டுப் பணம் அறவே இல்லை. உள்ளூர் நன்கொடை, கல்லூரி மாணவர்களுக்கு நடத்தும் முகாம்களின் கட்டணம், கொஞ்சம் இருப்பு. என் பதவி ‘கரையோர விழிப்புணர்வு’ என்ற தலைப்பில் இருந்தது. அதாவது அவர்கள் செய்கிற வேலையின் நடுவிலேயே நான் இருந்தேன், ஓரத்தில் ஒட்டவைத்த ஆளாக இல்லை. அந்தத் தலைப்பை வெட்டினால் டிரஸ்ட்டுக்கு வேலையே இல்லை.

குறைகளும் உண்டு. 20 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்கிற இடத்துக்கு பிஎஃப் கட்டாயமில்லை, இங்கே தருவதும் இல்லை. நானாக பிபிஎஃப் சேமிப்புக் கணக்கில் போட்டுக்கொள்கிறேன். நிறுவனர் ஒருவர் தோளில்தான் எல்லாம் நிற்கிறது, அவருக்குப் பின் யார் என்று கேட்டால் பதில் மழுப்பலாகத்தான் வருகிறது. புயல் வருடத்தில் நன்கொடைகள் நிவாரணத்துக்குப் போய்விட்டால் நாங்கள் எப்படித் தாக்குப்பிடிப்போம் என்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. அதேபோல் பெரிய அமைப்புக்குள் நான் வேலை பார்த்ததும் இல்லை. அங்கே இருக்கும் நண்பர்கள் சொல்வதையும் நேர்காணலில் பார்த்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன். ரினியூ ஆகிடும் என்று அந்த மேடம் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நேர்காணலுக்கு முன் ஒன்றைச் செய்துவிடுங்கள். எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள அமைப்புகள், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் வெளிநாட்டு வரவுசெலவுக் கணக்கைப் பொதுவில் வெளியிட வேண்டும். வெப்சைட்டில் தேடுங்கள். போட்டிருந்தால் படியுங்கள், போடவில்லை என்றால் அதுவே பாதி பதில். ஆண்டறிக்கைகள் ஒன்றிரண்டை எடுத்து, கம்யூனிகேஷன்ஸ் பகுதியில் அதே முகங்கள் தொடர்கிறார்களா என்றும் பாருங்கள்.

கடன் தவணை இருக்கிறவர்கள், ஆங்கிலத்தில் எழுதுவதையே தொழிலாக வளர்க்க நினைக்கிறவர்கள் பெரிய இடத்துக்கே போகலாம். அங்கே கற்றுக்கொள்கிற கிராண்ட் எழுத்து (நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது) மல்லிப்பட்டினத்தில் கிடைக்காது. என் கேள்விக்கு “கோர் ஃபண்ட் சார், நிரந்தரப் பதவி” என்று, அதாவது ஒரு திட்டத்தோடு கட்டப்படாத பொதுப்பணம் என்று பதில் வந்திருந்தால் நானும் இன்று பெங்களூரில் வாடகையைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.