ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ, ஐஈஈஈ: ஆய்வுக் கட்டுரைக்கு எந்த மேற்கோள் முறை?

எடுத்தாண்ட சான்றுகளை 'இந்த முறையில்தான் எழுத வேண்டும்' என்று நெறியாளர் சொல்லிவிட்டால் பேச்சே இல்லை, அதன்படி எழுதிவிட வேண்டியதுதான். 'எந்த முறையாக இருந்தாலும் சரி, முழுக்க ஒரே முறையாக இருக்கட்டும்' என்று விட்டுவிடும்போதுதான் குழப்பம். பலரும் பக்கத்தில் இருப்பவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே எடுத்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், உங்கள் கட்டுரையைப் படிப்பவர் ஒரு சான்றைப் பற்றி முதலில் எதைத் தெரிந்துகொள்ள விரும்புவார் என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அது எந்த ஆண்டு வந்தது என்பதையா, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையா, மூலம் எங்கே கிடைக்கும் என்பதையா?

ஒரே சான்றை எல்லா முறையிலும் எழுதிப் பார்ப்போம். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் முன்வைத்த கட்டுரை 1953 ஏப்ரல் 25 தேதியிட்ட நேச்சர் இதழில் வந்தது: 171ஆம் தொகுதி, 737, 738ஆம் பக்கங்கள். ஏபிஏ முறையில் வாக்கிய முடிவில் (வாட்சன் & கிரிக், 1953) என்று போடுவோம். எம்எல்ஏவில், அதாவது அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்தின் முறையில், (வாட்சன் மற்றும் கிரிக் 737). ஆண்டும் கிடையாது, காற்புள்ளியும் கிடையாது. சிகாகோ பல்கலைக்கழக அச்சகக் கையேட்டின் அடிக்குறிப்பு முறையில் வாக்கிய முடிவில் சற்று மேலே ஒரு பொடி எண் மட்டும். விவரமெல்லாம் பக்கத்தின் அடியில். மின், மின்னணுப் பொறியாளர் கழகமான ஐஈஈஈயின் முறையில் [1], அவ்வளவுதான்.

கட்டுரையின் கடைசியில் வரும் சான்றுப் பட்டியலுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. ஏபிஏ இருவர் பெயரையும் திருப்பிப் போடும்: வாட்சன், ஜே. டி., & கிரிக், எஃப். எச். சி. எம்எல்ஏ முதல் பெயரை மட்டும் திருப்பும், இரண்டாவதை இயல்பாக விட்டுவிடும். ஐஈஈஈ யாரையும் திருப்பாது. பக்க எண்கள் ஏபிஏவில் 737–738, எம்எல்ஏவில் 737-38. இதில் எது சரி, எது தவறு என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஒரே பட்டியலில் இரண்டும் கலந்து கிடந்தால்தான் மதிப்பெண் போகும்.

ஏபிஏ அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை. 1929இல் ஏழு பக்கக் கட்டுரையாக வந்தது, 2019இல் ஏழாம் பதிப்பைத் தொட்டுவிட்டது. உளவியல், கல்வியியல், செவிலியல் போன்ற துறைகளில் ஆய்வு முடிவுகள் சீக்கிரம் பழசாகிவிடும். அதனால் ஆண்டு கண்முன்னே நிற்க வேண்டும். ஏழாம் பதிப்பு நிறையவே இளகியிருக்கிறது. மூன்று ஆசிரியர்கள் வந்தாலே முதல் பெயரோடு 'மற்றும் பிறர்' போதும், பதிப்பகத்தின் ஊர் வேண்டாம், மாணவர் கட்டுரைக்குப் பக்கத் தலைப்பில் சுருக்கத் தலைப்பும் வேண்டாம். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. வரிக்கு வரி எடுத்தாளும்போதுதான் பக்க எண் கட்டாயம். கருத்தை மட்டும் சொந்த நடையில் சொன்னால் போடாமலே விடலாம். நானூறு பக்கப் புத்தகத்தைக் காட்டிவிட்டு 'தேடிக்கொள்' என்று சொன்னால் படிப்பவர் என்ன செய்வார்? கட்டாயமில்லை என்றாலும் போடுவதற்குத் தடையில்லை, போட்டுவிடுங்கள்.

எம்எல்ஏ இலக்கியக்காரர்களின் முறை. அவர்களுக்கு எந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். 2016இல் வந்த எட்டாம் பதிப்பு, புத்தகத்துக்கு ஒரு விதி, இணையத்துக்கு ஒரு விதி என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒன்பது கூறுகள் கொண்ட ஒரே அச்சில் அடக்கியது. 2021இல் வந்த ஒன்பதாம் பதிப்பும் அதையே தொடர்கிறது. புதிதாகக் கற்பவருக்கு இதுதான் எளிது.

சிகாகோவுக்கு இரண்டு முகம். ஆசிரியர்–ஆண்டு முறை ஒன்று, அடிக்குறிப்பு முறை ஒன்று. வரலாறு எழுதுபவர்கள் இரண்டாவதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் நியாயம் இருக்கிறது. ஆவணக் காப்பகத்தின் கடிதம் ஒன்றை அடைப்புக்குறிக்குள் எப்படி அடக்குவது? எழுதியவர், பெறுநர், தேதி, பெட்டி எண், கோப்பு எண், காப்பகத்தின் பெயர் எல்லாம் வேண்டும். அடிக்குறிப்பில் அதற்கு இடம் உண்டு. 'இந்தத் தேதியில் ஐயம் இருக்கிறது' என்று ஒரு வரி பேசவும் இடம் உண்டு. வேலை மட்டும் இரட்டிப்பு. குறிப்பில் பெயரை இயல்பாக, காற்புள்ளிகளோடு எழுதிய அதே நூலை, பட்டியலில் பெயரைத் திருப்பி முற்றுப்புள்ளிகளோடு மறுபடி எழுத வேண்டும். அவசரத்தில் எழுதும் பத்துப் பக்கக் கட்டுரைக்கு இது தேவையில்லை.

எண் முறைகளில் பொறியியலுக்கு ஐஈஈஈ, மருத்துவத்துக்கு வான்கூவர். படிக்கத் தடங்கலே இருக்காது, ஒரு வாக்கியத்தில் ஐந்து சான்று வந்தாலும் [3]–[7] என்று முடிந்துவிடும். ஆனால் நான்காவது இடத்தில் புதிதாக ஒரு சான்றைச் செருகினால் பின்னால் இருக்கும் எண் எல்லாம் நகரும். கையால் எழுதி இதைச் சமாளிக்க நினைப்பது வீண் வேலை. மென்பொருள் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள்.

ஹார்வர்டு முறை என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். அதற்கு எல்லோரும் ஏற்கும் ஒரே கையேடு கிடையாது, பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். உங்கள் துறை எந்த வடிவத்தைச் சொல்கிறது என்று கேட்டு வாங்கிக்கொள்வதுதான் வழி.

பக்க அமைப்பைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஏபிஏவும் எம்எல்ஏவும் நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம், இரட்டை இடைவெளி, பட்டியலில் இரண்டாம் வரி முதல் அரை அங்குல உள்தள்ளல் என்றே கேட்கின்றன. பெரிய வித்தியாசம், எம்எல்ஏ பொதுவாகத் தனித் தலைப்புப் பக்கம் கேட்காது. ஒருமுறை வார்ப்புருவில் அமைத்தால் தீர்ந்தது.

அப்புறம், கருவிகள். சான்றுகளைச் சேமித்துப் பட்டியல் போட்டுத் தரும் ஜோட்டெரோ மென்பொருள் இலவசம், 2006 முதல் இருக்கிறது, ஒரு சொடுக்கில் முறையை மாற்றித் தரும். ஆனால் உள்ளே போனதுதான் வெளியே வரும். கட்டுரைத் தலைப்பில் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கிச் சேமிக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் முதல் சொல்லை மட்டும் அப்படிக் கேட்கும் ஏபிஏவில் தவறு அப்படியே நிற்கலாம். செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் பட்டியல் கேட்பது இதைவிட ஆபத்து. இல்லாத கட்டுரையை இதழ் பெயர், பக்க எண்ணோடு அச்சு அசலாகத் தந்துவிடும். எங்கிருந்து எடுத்தாலும் சரி, டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) இணைப்பை ஒவ்வொன்றாகத் திறந்து, அங்கே வருவது நீங்கள் எழுதிய அதே கட்டுரைதானா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.