தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஓ.எல்.: இணையவழி விண்ணப்பச் சேவை வன்னிப் பிள்ளைக்கு எவ்வளவு உதவும்?

பாடசாலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து படித்த பிள்ளை ஓ.எல்., அதாவது க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டுமென்றால், இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் இணையவழியில்தான். படிவம் நிரப்பும் பகுதி நன்றாகவே அமைந்திருக்கிறது. தமிழில் வாசிக்கலாம், கையில் இருக்கும் போனிலேயே நிரப்பலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. ஆனால் படிவத்துக்கு முன்னும் பின்னும் கிடக்கும் வேலையை இந்தச் சேவை சொல்லித்தராது. பாடசாலைப் பிள்ளைக்கு அதை அதிபரும் வகுப்பாசிரியரும் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு முழுவதும் தாய் தகப்பன் தலையில்தான் விழும்.

சட்டத்தின்படி 5 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். ஆகவே இது பெரும்பாலும் 16 தாண்டியவர்களுக்கான வழி: நோயால் இடையில் நின்ற பிள்ளைகள், குடும்பப் பாரத்தால் விட்டவர்கள், தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பி வந்து வகுப்பில் சேர முடியாமற் போனவர்கள்.

எல்லாவற்றுக்கும் திறவுகோல் தேசிய அடையாள அட்டை. இணையப் படிவத்துக்குள் நுழையவே அதன் இலக்கமும், ரகசிய எண் வந்துசேரும் போன் இலக்கமும் வேண்டும். 15 வயதிலேயே அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலைப் பிள்ளை அதிபர் மூலம் போகும். வீட்டுப் பிள்ளை கிராம சேவையாளரிடம் படிவம் எடுத்து, பிறப்புச் சான்றிதழ் கொடுத்து, அனுமதி பெற்ற ஸ்ரூடியோவில் படம் பிடித்து, பிரதேச செயலகம் வழியாக அனுப்ப வேண்டும். ஆட்பதிவுத் திணைக்களத்தின் வட மாகாண அலுவலகம் வவுனியாவில் இருப்பது நமக்கு ஒரு வசதி. ஓ.எல். எழுத நினைக்கும் ஆண்டுக்கு முந்திய ஆண்டிலேயே இதைத் தொடங்குங்கள். விண்ணப்ப அறிவித்தல் வந்தபிறகு அட்டைக்கு ஓடினால் பெரும்பாலும் அந்த முறை தவறிவிடும்.

வன்னியில் இந்த இடத்தில்தான் பிள்ளைகள் அதிகம் தடக்குப்படுகிறார்கள். 2008, 2009 இல் போர்க்கால இடப்பெயர்வுக்குள் பிறந்த பிள்ளைகளில் பிறப்புப் பதியப்படாதவர்களும், பதிந்தும் சான்றிதழ் தொலைந்தவர்களும் உண்டு. பிறந்து மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு என்ற தனி நடைமுறைக்குள் போக வேண்டும். அதற்குப் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரைக் கேளுங்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு அங்கத்தைய பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. இலங்கைப் பிரஜையாகப் பதிந்த சான்றிதழும் வேண்டும், அது இல்லாமல் அடையாள அட்டை நகராது. படிப்பைவிட இந்தக் கடதாசி வேலைதான் சில பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கைத் தின்கிறது. ஆகவே பாடப்புத்தகம் வாங்குவதற்கு முன்னரே கோப்பைத் திறந்து பாருங்கள்.

இனிப் படிவம். பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து ஓரெழுத்தும் பிசகாமல் பார்த்து எழுதுங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து எங்கே வருகிறது, 'த' வை எந்த எழுத்தால் எழுதியிருக்கிறார்கள் என்ற சின்ன வேறுபாடுதான் பின்னர் பெறுபேற்றுச் சான்றிதழிலும் தொழில் விண்ணப்பத்திலும் இரண்டு ஆட்களாகக் காட்டும். மொழிமூலம் தமிழ் என்று குறித்திருக்கிறதா என்று இரண்டாம் தரமும் பாருங்கள். பரீட்சை எழுத விரும்பும் நகரத்தைத் தெரிவுசெய்யும்போது வரைபடத்துத் தூரத்தை நம்பாமல் காலை பஸ்ஸை வைத்து முடிவெடுங்கள். துணுக்காய்ப் பிள்ளைக்கு மல்லாவியா கிளிநொச்சியா என்பதை விடியற்காலை முதல் பஸ் எங்கே போகிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

கட்டணம் கட்டியபின் படிவத்தின் பிரதியைத் தரவிறக்கி, போட்டோக்கொப்பி ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொமினிகேசன் கடையில் நிரப்புவதாக இருந்தால் போன் இலக்கம் கடைக்காரருடையதாக இருக்கக் கூடாது. ரகசிய எண்ணும் பிந்திய அறிவித்தல்களும் அந்த இலக்கத்துக்குத்தான் வரும். முடிவுத் திகதியை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊர்களில் கடைசி இரவு ஒரு பரீட்சையையே இழக்கப் போதும்.

அனுமதி அட்டை கிடைத்ததும் பலர் மறப்பது ஒன்று உண்டு. தனிப்பட்ட பரீட்சார்த்தி தன் கையொப்பத்தை உறுதிப்படுத்திக்கொண்டு போக வேண்டும். கிராம சேவையாளர், சமாதான நீதவான், பாடசாலை அதிபர் போன்ற ஒருவர் முன்னிலையில் ஒப்பமிடலாம். பரீட்சை மண்டப வாசலில் இதற்கு ஆள் தேடி ஓடுவது பிள்ளையின் மனதைக் குலைக்கும்.

பாடத் தெரிவில்தான் இந்தச் சேவை பெரிதும் குறைபடுகிறது. பட்டியலைக் காட்டுமே தவிர, எது வீட்டில் படிக்க ஏற்றது என்று சொல்லாது. சமயம், தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம், வரலாறு, ஆங்கிலம் ஆகிய ஆறும் எல்லோருக்கும் உரியவை. மீதி மூன்று பாடங்களை மூன்று தொகுதிகளிலிருந்து தொகுதிக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். சங்கீதம், நடனம், நாடகம் போன்றவற்றுக்கு எழுத்துத் தாளோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. ஆசிரியர் இல்லாமல் அதற்கு ஆயத்தமாவது கடினம். அந்தத் தொகுதியில் தமிழ் இலக்கிய நயம் வீட்டுப் பிள்ளைக்குப் பொருத்தமானது: புத்தகமும் பழைய தாள்களும் இருந்தால் படித்துவிடலாம். மற்றைய தொகுதிகளில் புவியியல், குடியியல், விவசாயம், சுகாதாரம் எல்லாம் தனியே படிக்கக் கூடியவை. வயற்கரையில் வளரும் பிள்ளைக்கு விவசாயப் பாடத்தின் பாதி ஏற்கெனவே கைவசம் இருக்கும். பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாக இறக்கலாம்.

கணிதத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். முதல் தாளில் குறுவிடை 25 உம் சற்று நீண்ட வினா 5 உம் இரண்டு மணித்தியாலத்தில். இரண்டாம் தாள் மூன்று மணித்தியாலம், 12 வினாவில் 10. வீட்டில் படித்த பிள்ளைகள் கணக்குத் தெரியாமல் புள்ளி இழப்பதைவிட, நேரம் வைத்து எழுதிப் பழகாமல் இழப்பதே அதிகம். ஓடும் மணிக்கூட்டின் முன்னால் பழைய தாள்களை முழுத் தாளாகச் செய்ய வையுங்கள், துண்டு துண்டாக வேண்டாம்.

35 புள்ளிக்கு எஸ், அதாவது சாதாரண சித்தி; 50க்கு சி, அதாவது திறமைச் சித்தி. ஏ.எல்., அதாவது உயர்தர வகுப்பில் சேர ஆறு பாடச் சித்தி, அதற்குள் தாய்மொழியும் கணிதமும், மூன்று பாடத்தில் சி அல்லது அதற்கு மேல் வேண்டும். ஏ.எல். ஐயும் வீட்டிலிருந்தே எழுதுவதென்றால் அதோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சை என்ற தாளை மறக்க வேண்டாம். மூன்று பாடமும் சித்தியடைந்து, அதில் 30 புள்ளி எடுக்காமல் பல்கலைக்கழக வாசலில் நின்றால் பயனில்லை. வன்னி மாவட்டங்களுக்கு ஒரு பலம் உண்டு: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. பல்கலைக்கழக இடங்களில் நூற்றுக்கு 40 நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 இந்தப் பட்டியலுக்கும் போகும். பாடசாலைப் பதிவு இல்லாத பிள்ளை தன் மாவட்டத்தை வதிவிடத்தால் நிறுவ வேண்டிவரும். ஆகையால் வாக்காளர் இடாப்பில் குடும்பத்தின் பெயர் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒவ்வோராண்டும் பார்ப்பது நல்லது.

ஓ.எல். சரிவராவிட்டால்? அந்தப் பிள்ளைக்கு இந்த இணையத்தளத்தில் அடுத்த முறை எழுதும் வழியைத் தவிர வேறெதுவும் இல்லை. அங்கே தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., கைகொடுக்கிறது. ஏழு மட்டம் கொண்டது. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். மெக்கானிக் கடையிலோ தையலிலோ ஏற்கெனவே கைபழகிய பிள்ளை, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் செய்த வேலைக்கான சான்றுகளைச் சேர்த்து மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். வேலை செய்யும்போதே படம், பற்றுச்சீட்டு, உரிமையாளரின் கடிதம் என்று சேர்த்து வையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது. முறைப்படி பயில விரும்புகிறவர்களுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் வவுனியாத் தொழில்நுட்பக் கல்லூரியும் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு மேல்மட்ட என்.வி.கியூ. உடன் போகும் பாதையும் திறந்திருக்கிறது.

விண்ணப்பச் சேவையை மட்டும் மதிப்பிட்டால், அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் ஒழுங்காக உள்ள குடும்பத்துக்குத் தயங்காமல் சொல்வோம்: தரகருக்குக் காசு கொடுக்காமல் நீங்களே நிரப்புங்கள். கோப்பில் ஓட்டை உள்ள குடும்பம் முதலில் கிராம சேவையாளரிடம் போக வேண்டும். சந்தேகம் வந்தால் பரீட்சைத் திணைக்களத்தின் 1911 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அழைக்கும்போது அடையாள அட்டை இலக்கத்தையும் விண்ணப்பப் பிரதியையும் கையில் வைத்திருங்கள்.