சணலா, பருத்தியா, நைலானா: கட்டிப் பழக எந்தக் கயிறு?

மூன்றையும் வாங்கிக் கட்டிப் பார்த்த பிறகு நானும் என் துணையும் சணலில் (ஜூட்) வந்து நின்றிருக்கிறோம். ஷிபாரி, பாண்டேஜ் என்று சொல்கிற, சம்மதத்தோடு துணையின் உடலைக் கயிற்றால் கட்டுகிற இந்தக் கயிற்றுக் கட்டைப் பழக வருபவர்கள் எந்த முடிச்சு என்றுதான் முதலில் கேட்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் கேட்டோம். எந்தக் கயிறு என்பதை அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

நைலானைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பளபளப்பு, பிடித்த நிறம், துவைக்கலாம், நுனியை நெருப்பில் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும், பிரி பிரியாது. ஆனால் வழுக்கும். வழுக்குகிறதே என்று முடிச்சின் மேல் முடிச்சாகப் போட வேண்டியிருக்கும், இழுத்தால் கயிறும் நீண்டு கொடுக்கும். ஒரு மாதத்தில் எடுத்து வைத்துவிட்டோம்.

பருத்தி அப்படியில்லை, தொட்டவுடனே பிடித்துப்போகும். மெத்தென்று இருக்கும், தோலை அறுக்காது, வலைப்பையில் போட்டு வாஷிங் மெஷினில் துவைத்துவிடலாம். சிக்கல், பாரம் விழும்போது வருகிறது. மென்மையான நூல் என்பதால் முடிச்சு அமுங்கி அமுங்கிக் கல்லாகிவிடுகிறது. ஒரு நாள் மணிக்கட்டைக் கட்டியிருந்தபோது என் துணை கையை இழுத்துவிட்டார், உடனே கட்டைவிரல் பக்கம் சுரீர் என்று மரத்துப்போகிறது என்றார். நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தேன். மரமரப்பு முழுசாகப் போக மறுநாள் காலை ஆனது. அன்றிலிருந்து கயிற்றை நான் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது: எவ்வளவு சீக்கிரம் அவிழும்?

ஏன் அவிழ்ப்பதையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், பலரும் கையின் நிறத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். நிறம் மாறுவது ரத்த ஓட்டம் தடைப்படுவதைக் காட்டும். நரம்பு அழுந்துவது வேறு, கை வெதுவெதுப்பாக, நல்ல நிறத்தோடு இருக்கும்போதே அது நடக்கலாம். மேற்கையின் பின்புறம் எலும்பை ஒட்டிச் சுற்றி வெளிப்பக்கமாக ஒரு நரம்பு இறங்குகிறது, அங்கே கயிறு அழுத்தினால் மணிக்கட்டை மேலே தூக்க முடியாமல் தொங்கிப்போகலாம், சரியாக வாரங்களோ மாதங்களோ கூட ஆகலாம். முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழேயும் இதே கதைதான், அங்கே பாதம் தொங்கும். அதனால் கட்டுவதற்கு முன்னும், இடையிடையேயும், மணிக்கட்டைத் தூக்கச் சொல்லி, விரல்களை விரிக்கச் சொல்லிப் பார்க்கிறோம். மரத்துப்போகிறது என்று சொன்னால் அங்கே இங்கே நகர்த்திப் பார்ப்பதில்லை, அவிழ்த்துவிடுகிறோம்.

சணல் ஜெயிப்பது இங்கேதான். ஆறு மில்லிமீட்டர் தடிமன், ஏழெட்டு மீட்டர் நீளம், இரண்டாக மடித்து நடுவிலிருந்து தொடங்குவது. சொரசொரப்பு இருப்பதால் சுற்று சுற்றைப் பிடித்துக்கொள்கிறது, ஒரே முடிச்சு போதும், அவிழ்க்கவும் அந்த ஒன்றுதான். அதிகம் நீளாது, வைத்த இடத்தில் நிற்கும். மடித்த கயிறு இரண்டு சுற்று சுற்றினால் நான்கு இழைகளில் அழுத்தம் பரவுகிறது, அடியில் ஒரு விரலாவது நுழைய வேண்டும். போட்ட கட்டு இழுத்தால் இறுகுகிற சுருக்காக ஆகிவிட்டதா என்று முதலில் என் தொடையிலேயே கட்டி இழுத்துப் பார்த்துப் பழகினேன்.

பராமரிப்பு தொல்லைதான், மறைக்கவில்லை. புதுக் கயிறு பிசிறடிக்கும், குத்தும், ஒரு வாசனை வேறு. தீயின் மேல் விரைவாக ஓட்டிப் பிசிறைப் பொசுக்கி, துடைத்து, துளி ஜொஜோபா எண்ணெய் தடவி, கைக்குள் உருவி உருவி மெதுவாக்க வேண்டும். தண்ணீர் ஆகாது, நனைந்தால் வலு குறையும், ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். உடலின் ஈரம் படுகிற இடத்துக்கு, அல்லது தோல் சட்டென்று தடித்துவிடுபவர்களுக்குப் பருத்தியே நல்லது, முடிச்சை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். கஞ்சாச் செடியின் நாரில் திரிக்கிற ஹெம்ப் கயிற்றை ஒரே ஒரு முறைதான் கையில் எடுத்திருக்கிறேன், சணலை விடக் கனமாக, வழவழப்பாகத் தோன்றியது, அதற்கு மேல் சொன்னால் ஊகமாகிவிடும். தொங்கவிடும் கட்டுகளை நாங்கள் முயன்றதே இல்லை, அதற்கான கயிற்றை நேரில் சொல்லித்தருபவரிடம்தான் கேட்க வேண்டும்.

எந்தக் கயிறானாலும் கழுத்தில் போடுவதில்லை, கட்டியிருப்பவரைத் தனியே விட்டு நகர்வதில்லை, குடித்திருந்தால் அன்று கயிறே இல்லை, இருவரில் ஒருவர் நிறுத்து என்றால் நிறுத்தம். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அப்புறம், புதுக் கட்டு எது பழகினாலும் போட்டு முடித்தவுடன் அவிழ்க்க எத்தனை விநாடி ஆகிறது என்று சத்தமாக எண்ணிப் பார்க்கிறோம். சணலில் மணிக்கட்டுக் கட்டு பத்து எண்ணுவதற்குள் கழன்றுவிடுகிறது. முப்பதைத் தாண்டுகிற எதையும் இன்னும் நன்றாகக் கைக்கு வரும்வரை என் தொடையில் மட்டும்தான் கட்டிப் பார்க்கிறேன்.