ஆளில்லாத வளவுகளும் எங்கள் ஊர்ப் பிரதேச சபையும்

முல்லைத்தீவுக் கரையில் சித்தி இருக்கிற ஒழுங்கையில் பாதிக்குக் கிட்டிய வளவுகளில் ஆளில்லை. காணிக்காரர் கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று போனவர்கள், சிலர் கொழும்பில். நாயுண்ணிப் பற்றையும் எருக்கலையும் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. கூரையில்லாத சுவர்கள், தூர்ந்த கிணறு, போகிற வருகிறவர்கள் எறிந்த சொப்பிங் பைகள். 2025 ஓகஸ்டில் பிள்ளைகளின் விடுமுறைக்கு ஊருக்குப் போய் நின்றபோது பிரதேச சபையின் வேலைகளைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்த்தேன். ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகும் மனதை அரித்துக்கொண்டிருப்பது இந்த வளவுகள்தான். சபை எந்த வேலையைத் தொடங்கினாலும் கடைசியில் இவற்றின் வேலியில் வந்து முட்டுகிறது.

ஊரின் பெயரை எழுதவில்லை. மாவட்டத்தில் நகரசபை கிடையாது. கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு என்று நாலு பிரதேச சபைகள்தான். எங்களுடையது எது என்று சுட்டினால், குறைந்த ஆட்களோடு நின்று வேலை செய்பவர்கள் மேல் பழி விழும். அதற்காக நான் எழுத வரவில்லை.

பெரிய றோட்டுகள் நன்றாக இருக்கின்றன. மாங்குளத்தில் ஏ9ஐ விட்டுத் திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை தாண்டி முல்லைத்தீவு வரை வாகனம் குலுங்காமல் வருகிறது. ஏ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஊருக்குள் இருக்கிற ஒழுங்கைகள்தான் பிரதேச சபைக்கு உரியவை. சனம் இரண்டுக்கும் சபையைத்தான் திட்டுகிறது. வட்டுவாகல் பாலம் மட்டும் அப்போதும் பழையபடிதான். நந்திக்கடலுக்குக் குறுக்கே ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒடுக்கப் பாலம். எதிரே பஸ் வந்தால் கரையில் காத்து நிற்க வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு 1,000 மில்லியன் ரூபா ஒதுக்கி, நான் திரும்பி வந்த பிறகு செப்டெம்பர் 2ஆம் திகதி சனாதிபதி வேலையைத் தொடக்கி வைத்தார். பாலத்துக்கு நாடு முழுக்கக் கண் இருக்கிறது. ஒழுங்கை ஓரத்து மழைநீர் வடிகாலான கானுக்கு அந்தக் கண் இல்லை.

குப்பை வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடிய உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டவுடன் சித்தி இரண்டு பைகளோடு படலைக்கு ஓடுவா. உக்கிறது ஒன்றில், உக்காதது மற்றதில். கலந்து கட்டிவைத்தால் ஏற்றமாட்டார்கள். பெட்டியில் நின்ற தம்பிமார் கையுறை போட்டிருந்தார்கள். வெயிலுக்குத் தலையில் துவாய். மீன் கழிவு கலந்த பையை ஒருவர் பிரித்துக் கொட்டி, திரும்பத் தரம் பிரித்ததைக் கண்டேன். ஒரு மீன் வாடிக்காரர் அவரைப் பார்த்து மரியாதையில்லாமல் கத்தினார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஊர் நாறாமல் இருக்கிறது என்றால் அது இந்தப் பிள்ளைகளால்.

வண்டி ஆளிருக்கிற வீட்டுக்குத்தான் நிற்கும். ஆளில்லாத வளவின் முன்னால் குவிகிற குப்பைக்குப் பொறுப்பில்லை. அது காற்றில் பறந்து கானுக்குள் போகிறது. ஒழுங்கையின் இரு அந்தத்திலும் இருக்கிற வீட்டுக்காரர் தங்கள் பங்குக் கானைத் துப்பரவாக வைத்திருக்கிறார்கள். நடுவில் வெறும் வளவின் நீளத்துக்கு மண்ணும் போத்தலும் அடைத்து அதன்மேல் புல் முளைத்திருக்கிறது. ஓகஸ்டில் அது காய்ந்து கிடந்ததால் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. கார்த்திகையில்தான் தெரியும். “மேல் வீட்டுத் தண்ணி கீழ இறங்க வழியில்லை பிள்ளை, எங்கட முத்தத்திலதான் நிக்கும். போன மாரிக்குக் குசினி வாசல் மட்டும் வந்தது” என்றா சித்தி.

தண்ணீர் விடயத்தில் இது இன்னும் சிக்கல். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர், உவர்த்தண்ணீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மோட்டர் பூட்டி விடாமல் இறைத்தால் அடியிலிருக்கிற சவர் மேலே ஏறிவிடும். வாளியால் அள்ளின காலத்தில் வராத பிரச்சினை இது. அதோடு 26.12.2004 சுனாமியில் கடல் புகுந்த கிணறுகள் எத்தனை. போர் முடிந்து சனம் திரும்பி வந்தபோது வீட்டுத் திட்டங்களில் வீட்டோடு மலசலகூடமும் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் கரையோரத்து வளவுகள் சிறியவை. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி விடு என்றால், பக்கத்து வளவின் கிணறு எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும்போது குழிகள் நிரம்பும். சபையின் மலக்கழிவுப் பவுசருக்குப் பணம் கட்டிப் பதிந்தால் முறை வரும்வரை பொறுக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே கிழமையில்தானே நிரம்புகிறது. ஆளில்லாத வளவில் மூடி உடைந்த பழைய குழியும் வாய் திறந்த கிணறும் கிடந்தால், அதை யார் பதிவது? யார் பணம் கட்டுவது? சிறுபிள்ளைகள் பந்து தேடி அதற்குள் போகிறார்கள் என்பதை நினைத்தால் நித்திரை வராது.

வீடு வளவுக்குச் சபை விதிக்கிற சோலைவரியைக் கட்ட சித்தியோடு போனேன். வருசாவருசம் ஜனவரி 31க்கு முன்னமே முழுவதையும் கட்டி, பத்து வீதக் கழிவு எடுக்கிற ஆள் அவ. இந்த முறை வாத வருத்தத்தால் காலம் தாழ்ந்துவிட்டது. வேறோர் அலுவலகத்தில் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி ஒன்றுக்காக மேசைக்கு மேசை அலைந்து களைத்துப் போயிருந்த எங்களுக்கு, இங்கே காசாளர் கதிரை போட்டு இருத்திப் பேசியது ஆறுதல். பக்கத்து வளவைப் பற்றிக் கேட்டேன். அவர் பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். “காணிக்காரர் வெளிநாட்டில அக்கா. அறிவித்தல் அனுப்பினால் கடிதம் திரும்பி வருது. படலையில ஒட்டினம், மழையில கரைஞ்சு போட்டுது. நாங்கள் ஆரிட்டக் கேக்கிறது?”

சபைக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதை அன்றைக்குத்தான் விளங்கப்படுத்தினார். பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடப்பவை. சோலைவரி விதிக்கலாம், ஆனால் விருத்தியடைந்த பகுதி என்று அறிவித்த இடங்களில் மட்டும். கடை வாடகை, சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், கட்டாக்காலி மாடு பிடித்தால் தண்டம் என்று சில்லறையாக வருவது இன்னொரு பக்கம். காணி கைமாறும்போது கட்டுகிற முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும் மாகாண சபை ஊடாக வந்து சேரும். கொழும்பைப் போல் விலைக்காணி கைமாறுகிற ஊர் இல்லை எங்களது. கட்டடம் கட்ட அரசும் உதவி நிறுவனங்களும் காசு தருவார்கள், திறப்பு விழாவும் நடக்கும். அதற்குப் பிறகு தண்ணீர்க் குழாய் உடைந்தால், தெரு லைற் எரியாவிட்டால், சந்தை மலசலகூடத்துக் கதவு இற்றுப் போனால், இந்தச் சில்லறையில்தான் சமாளிக்க வேண்டும்.

அதற்குள் 2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்து, அதே மாதம் நடக்க இருந்த தேர்தலும் தள்ளிப்போய், 2025 மே 6 தேர்தல் வரை தெரிவான உறுப்பினர் எவரும் இல்லாமல்தான் நாட்டில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் உள்ளூராட்சி நடந்தது. வட்டார உறுப்பினர் இருந்தால் குறைந்தது கையைப் பிடித்து இழுத்துவந்து கானைக் காட்டலாம். புது உறுப்பினர் ஒருமுறை சைக்கிளில் வந்து பார்த்து, கொப்பியில் குறித்துக்கொண்டு போனார். அவரிடம் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ரொறன்ரோவில் வீடு வைத்திருக்கிற எங்கள் ஆட்கள் வருசத்தில் இரண்டு தரம் வருகிற சொத்துவரிப் பில்லைத் தவறவிடுவதில்லை. அங்கே வெற்று வீட்டு வரியும் உண்டு. 2024ஆம் ஆண்டிலிருந்து வீட்டின் மதிப்பில் மூன்று வீதம். ஆளிருக்கிற வீடானாலும் இருக்கிறோம் என்று ஒவ்வொரு வருசமும் அறிவிக்க வேண்டும். அந்த ஒழுங்குக்கு மறு பேச்சில்லாமல் கட்டுப்படுகிறோம். ஊரில் இருக்கிற வளவுக்கோ, சபை விதிக்கிற சிறு தொகையையும் பல வருசமாக மறந்து விடுகிறோம். 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வளவில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது காணிக்காரர் கடமை. டெங்கு வந்து படுப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை.

எல்லாருக்கும் இதைச் சொல்ல முடியாது. அந்த ஒழுங்கையில் ஒரு வளவுக்குச் சொந்தக்காரர் குடும்பத்தோடு இல்லாமல் போனவர்கள். உரிமை கேட்க ஆளில்லை. அந்த வேலியைத் தொட எவருக்கும் மனம் வராது, நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். இன்னொன்று அண்ணன் தம்பி வழக்கில். இன்னொன்றுக்கு உறுதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. ஊர்ப்பக்கம் வரவே நெஞ்சு தாங்காது என்று சொல்கிறவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றுமில்லாமல், ஒரு தொலைபேசி எடுக்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடுதான் என் கதை.

சித்திக்குப் பக்கத்து வளவுக்காரரை மச்சாள் வட்ஸ்அப் வழியாகப் பிரான்சில் கண்டுபிடித்தா. மனிதர் கோபப்படவில்லை, ஒருவரும் கேட்கவில்லையே என்றுதான் சொன்னார். அடுத்த நாளே தன் கையெழுத்தில் ஒரு சம்மதக் கடிதம் எழுதிப் படம் பிடித்து அனுப்பினார், கூலிக்குக் காசும் அனுப்பினார். ஆட்கள் பிடித்துப் பற்றை வெட்டி, குழியை மூடி, கிணற்றுக்கு வலை போட்டோம். கானில் அடைத்திருந்த மண்ணைச் சபையின் உழவு இயந்திரம் வந்து ஏற்றிக்கொண்டு போனது. நிலுவையில் இருந்த சோலைவரியை அவருடைய தங்கச்சி போய்க் கட்டினா. நிரந்தரமாகப் பொறுப்பெடுக்க ஆள் வேண்டுமென்றால் அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காக நடக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கிற பத்திரம், எழுத வேண்டும். துப்பரவுக்கும் வரிக்கும் இந்தக் கடிதமும் ஒரு தொலைபேசி இலக்கமும் போதுமாக இருந்தது. சபைக் கோப்பில் இப்போது அவருடைய மின்னஞ்சல் முகவரி இருக்கிறது.

உங்கள் பெயரில் அல்லது உங்கள் அப்பா அம்மாவின் பெயரில் வன்னியில் காணி இருந்தால், பிரதேச சபைக்கு இப்போதைய முகவரியைக் கொடுங்கள். ஜனவரிக்குள் வரியைக் கட்டுங்கள். மாரிக்கு முன்னம் ஒருவரைப் பிடித்துக் கானைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு வளவின் காணிக்காரரைத் தேட வேண்டியிருக்கிறது. உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க, சித்தியின் மகன் காணிப் பதிவகத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறான்.