வீட்டுக்கு வந்து தண்ணீரைச் சோதித்துக் காட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் வீடு வீடாக வந்து தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் விற்கிறார்கள். நான் 1,680 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து ஏமாந்துவிட்டேன். பெற்றோர் தனியாக இருக்கும் வீடு என்றால் தயவுசெய்து இன்றே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

மார்ச் மாதம் பாலிகிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். மருந்து இப்போதைக்கு வேண்டாம், சாப்பாட்டை மாற்றுங்கள், இனிப்புப் பானத்தை விட்டுத் தண்ணீர் குடியுங்கள் என்றார். நான் ஒரு நாளைக்கு மூன்று தே தாரே, அதாவது இனிப்பான பால் தேநீர், குடிக்கிறவள். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு பழுப்பரிசி, கால் பங்கு மீன் அல்லது பருப்பு என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்கிற அளவை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் நன்றாகவே போனது.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டினார்கள். இரண்டு பேர், கழுத்தில் அட்டை, ஒருவர் நம் தமிழ்ப் பையன். "அக்கா, இந்த புளோக்கில் தண்ணீர் சோதனை பண்றோம், இலவசம்தான், அஞ்சு நிமிஷம்" என்றார். பியூபி, அதாவது அரசாங்கத்தின் தண்ணீர் அமைப்பு, என்று அவர் சொல்லவில்லை, நானாக அப்படி நினைத்துக்கொண்டேன், அவரும் திருத்தவில்லை. பியூபி ஆட்கள் வடிகட்டி விற்க வருவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு கிளாஸில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பி விட்டு மின்சாரம் கொடுத்ததும் எங்கள் தண்ணீர் சாக்கடை மாதிரி பழுப்பாகிவிட்டது, அவர்களுடையது தெளிவாகவே இருந்தது. "இதைத்தான் அக்கா நீங்க தினமும் ரெண்டு லிட்டர் குடிக்கிறீங்க" என்றார். வயிறு கலங்கிவிட்டது எனக்கு. அன்றே நெட்ஸில், அதாவது வங்கி அட்டையில், பணம் கட்டினேன்.

எட்டு நாள் கழித்து பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன் இரண்டு இரும்பு ஆணியையும் ஒரு 9 வோல்ட் பேட்டரியையும் எடுத்து, அந்த இயந்திரத்திலிருந்து வந்த தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் காட்டினான். அதுவும் அதே பழுப்பு. உப்புச் சத்து இருந்தால் தண்ணீரில் மின்சாரம் ஓடும், ஓடினால் இரும்பு கரைந்து துருவாகும். நாம் பார்க்கிற அழுக்கு கம்பியிலிருந்து வருவது, தண்ணீரில் இருந்தது இல்லை. உப்பெல்லாம் நீக்கிய தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாததால் அது தெளிவாக நிற்கிறது, அவ்வளவுதான். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமலே குடிக்கலாம், 2025 ஏப்ரலிலிருந்து ஆயிரம் லிட்டர் 3.24 வெள்ளி, ஜிஎஸ்டி தனி.

இயந்திரத்தோடு கூடவே கொடுத்த 12 வார உணவுத் திட்டம் இன்னும் மோசம். வாட்ஸ்அப்பில் ஒரு அட்டவணை வந்தது, கீன்வா, அவகாடோ என்று இருந்ததே தவிர நம் வீட்டில் இட்லியை எத்தனையோடு நிறுத்துவது, சோற்றை எவ்வளவு குறைப்பது என்று ஒரு வரி இல்லை. வீட்டில் எல்லோரும் நான்கு லிட்டர் குடிக்க வேண்டும் என்று வேறு எழுதியிருந்தது. என் மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு, அவர் குடிக்கும் தண்ணீருக்கே டாக்டர் அளவு சொல்லியிருக்கிறார். நல்லவேளை அவர் அதைக் கேட்கவில்லை. இதைச் சொன்னபோது அந்தப் பையன் "சும்மா பொதுவா போட்டது அக்கா" என்றார். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், ஒப்பந்தத்தில் அப்படி இல்லை என்றார்கள். கூப்பிடாமலே வீடு தேடி வந்து விற்றால், ஐந்து நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய இங்கே சட்டத்தில் வழி இருக்கிறது, சனி, ஞாயிறு, பொது விடுமுறை அந்தக் கணக்கில் வராது. எனக்கு அது தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது. பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தேன், அவர்கள் பேசியதில் 300 வெள்ளி தருகிறோம் என்று கம்பெனி இறங்கி வந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரைபியூனலில், அதாவது சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் மன்றத்தில், 10 வெள்ளி கட்டி வழக்குப் பதிந்திருக்கிறேன். 5,000 வெள்ளி வரை கேட்பதற்கு அதுதான் கட்டணம், இரண்டு வருஷத்துக்குள் பதிய வேண்டும், வக்கீல் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும்.

நேற்று எதிர் புளோக்கில் அதே பையனைப் பார்த்தேன். உங்களில் யாராவது இந்த வாரம் கையெழுத்துப் போட்டிருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, இன்றைக்கே ரத்துக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.