ஜீரோல இருந்து கமர்ஷியல் பைலட்: நான் படிச்ச ஃப்ளையிங் ஸ்கூல் எப்படி?

போன மாசம் தான் லைசன்ஸ் கைக்கு வந்துச்சு. சேரும்போது எனக்கு முன் அனுபவம்னு எதுவுமே கிடையாது, சின்ன விமானத்துல ஒரு தடவை கூட உக்காந்தது இல்ல. ஸ்கூல் பேர் வேணாம், ஆனா நடந்தத அப்படியே சொல்றேன்.

முதல்ல நல்லது. சொல்லிக் குடுக்குறதுல ஒரு குறை சொல்ல முடியாது. செஸ்னா 172 தான் எங்க ட்ரெயினிங் விமானம். ஒவ்வொரு தடவை பறக்குறதுக்கு முன்னாடியும் இறக்கைக்கு அடில ஒரு சின்ன கண்ணாடி கப்ப வச்சு ஃப்யூல் எடுத்து பாக்கணும், நீல கலர்ல இருக்கும், தண்ணி கலந்திருந்தா அடில தனியா முத்து மாதிரி தங்கிடும். ராத்திரி முழுக்க மழை பெஞ்ச ஒரு காலைல எனக்கு அந்த முத்து கெடச்சுச்சு, இன்ஸ்ட்ரக்டர் அவசரமே படல, இறக்கைய ஆட்டி விட்டு கொஞ்ச நேரம் நிக்க வச்சு மறுபடி எடுக்க சொன்னாரு, நாலு தடவை எடுத்தப்புறம் தான் சுத்தமாச்சு. அது வரைக்கும் இன்ஜின் சாவிய கைல குடுக்கல. அந்த ஒரு காலைக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்.

லேண்டிங் எனக்கு ரொம்ப நாள் வரல. தரைய கிட்ட பாத்ததும் பயத்துல சீக்கிரமே மூக்க தூக்கிடுவேன், விமானம் வேகம் கொறஞ்சு தொப்புனு விழும். "பக்கத்துல பாக்காத, ரன்வேயோட அந்தக் கடைசிய பாரு"ன்னு எத்தனை தடவை சொல்லிருப்பாருன்னு கணக்கே இல்ல, ஒரு தடவை கூட கத்துனதில்ல. 19வது மணி நேரத்துல மூணு சர்க்யூட் (மேல ஏறி ரன்வேய ஒரு சுத்து சுத்தி மறுபடி எறங்குறது) முடிச்சதும் பெல்ட்ட கழட்டிட்டு எறங்கி, "ஒரே ஒரு ரவுண்டு நீ மட்டும் போய்ட்டு வா"ன்னாரு. பக்கத்து சீட் காலியா இருந்ததால விமானம் வழக்கத்த விட சீக்கிரமா மேல ஏறுச்சு, அத இப்ப நெனச்சாலும் புல்லரிக்குது.

இப்ப கோவம். 14 மாசத்துல முடிச்சிடலாம்னு சொல்லி சேத்தாங்க, 22 மாசம் ஆச்சு. மழை, மேகம் யார் தப்பும் இல்ல. ஆனா பிரோஷர்ல ஆறு விமானம், பறக்குற நெலமைல பெரும்பாலும் மூணு தான், ஒண்ணு செக்கப்ல, மீதி பார்ட்ஸ் வரலன்னு மாசக்கணக்கா ஹேங்கர்ல (விமானம் நிறுத்துற ஷெட்). நடுவுல எனக்கு சொல்லிக் குடுத்தவரு ஏர்லைன்ஸ்க்கு போய்ட்டாரு, அவர குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா புதுசா வந்தவரு முதல்ல இருந்து என்ன செக் பண்ணாரு. ரெண்டு வாரம் பறக்கலன்னா கை மறந்துடும், அடுத்த ரெண்டு ஃப்ளைட் பழசையே திரும்ப பண்றதுல போய்டும், அதுக்கும் பில் நம்ம தலைல தான். இத யாரும் முன்கூட்டி சொல்லல, அது தான் எனக்கு வலிக்குது.

கணக்கு தெரிஞ்சுக்கோங்க. உலக அளவுல ஐகாவோ (ஐ.நா.வோட சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) வச்சிருக்க கமர்ஷியல் லைசன்ஸ் குறைந்தபட்சம் 200 மணி நேரம், அங்கீகாரம் வாங்குன முழு கோர்ஸ்னா 150, அதுக்கு மேல அந்தந்த நாட்டு ரூல். அதுல நம்மளே பைலட்டா 540 கிலோமீட்டர் கிராஸ் கன்ட்ரி (ஊர் விட்டு ஊர் பறக்குற நீளமான ஃப்ளைட்) ஒண்ணு போகணும், வழில ரெண்டு வேற ஏர்போர்ட்ல எறங்கி நிறுத்தணும். லைசன்ஸ் வந்ததும் ஏர்லைன்ஸ் வேலைனு நெனச்சிடாதீங்க, பெரிய விமானத்துக்கு டைப் ரேட்டிங் (அந்த மாடல் விமானத்த ஓட்டுறதுக்கான தகுதி) தனி, அதுக்கு செலவும் தனி.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி கிளாஸ் 1 மெடிக்கல் (கமர்ஷியல் பைலட்டுக்கான உடல் தகுதி டெஸ்ட்) எடுத்துடுங்க, கலர் விஷன்ல பிரச்சனைன்னா அங்கயே தெரிஞ்சிடும். மொத்த ஃபீஸையும் ஒரே தடவைல குடுக்காதீங்க, பறந்த அளவுக்கு கட்டுற மாதிரி பேசுங்க. கடைசி பேட்ச் எத்தனை மாசத்துல முடிச்சாங்கன்னு ஆபீஸ்ல கேக்காதீங்க, படிக்கிற பசங்ககிட்ட கேளுங்க. முடிஞ்சா வானம் தெளிவா இருக்க ஒரு நாள் காலைல போய் ஹேங்கர் பக்கம் நில்லுங்க, எத்தனை விமானம் மேல போகுது, எத்தனை கவர் போட்டு நிக்குதுன்னு எண்ணுங்க.